மூக்கு மாஸ்டரின் வெள்ளைப் பற்கள்

செத்துப்போன மனிதரின் பற்களைப் பார்த்தபடியே டீச்சர் பதினெட்டு மலை வளைவுகளைக் கடந்துவிட்டார். பத்தொன்பதாவது வளைவில் கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை.

“டீச்சர், அந்தப் போட்டோவைக் கொஞ்சம் கீழே வைங்க. நீங்க பார்க்கிற பார்வைக்கு அவரே எழுந்து ‘என்ன வேணும்?’னு கேட்டுடுவார்.”

“கேட்டா நல்லதுதான். நம்ம வேலை பாதி குறையும்.”

கண்டக்டர் காரின் ஸ்டியரிங்கை ஒடித்தார். முப்பது வருடம் பஸ்ஸின் பின்வாசலில் நின்று விசில் அடித்தவர் அவர். டீச்சர் அதே பஸ்ஸில் தினமும் பள்ளிக்கூடம் போய் வேதியியல் நடத்தியவர். இருவரும் வேலையை விட்ட பிறகு மாடியில் ஒரு அறை பிடித்துத் துப்பறியும் அலுவலகம் திறந்தார்கள். டீச்சருக்கு மூளை, கண்டக்டருக்கு வாய் என்று ஊரில் ஒரு கேலி உண்டு. கண்டக்டர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

போட்டோவில் இருந்தவரை எல்லோரும் மூக்கு மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். மலைச்சரிவில் இருந்த அந்தத் திராட்சைத் தோட்டத்தில் ‘கருஞ்சிவப்பு’ என்று ஒரு உயர்தர ஒயின் தயாரானது. தோட்டத்தின் மூன்று வெவ்வேறு காடுகளில் விளைந்த திராட்சைகளின் ஒயினை எந்த அளவில் கலந்தால் அது கருஞ்சிவப்பு ஆகும் என்பது இருபத்தாறு வருடமாக அவர் மூக்குக்கு மட்டுமே தெரியும். பாட்டில் லேபிளில் கூட அவருடைய பக்கவாட்டு முகம்தான், அந்தக் கழுகு மூக்கோடு. மூன்று வாரத்துக்கு முன் அவர் ஏழாம் எண் தொட்டிக்குள் பிணமாகக் கிடந்தார். பழச்சாறு புளிக்கும்போது எழும் விஷவாயு அடித்துவிட்டது என்று மருத்துவர் எழுதினார், காவல் நிலையம் பிணத்தைப் போட்டோ எடுத்துவிட்டுக் கோப்பை மூடியது.

மூடிய கோப்பைத் திறக்கச் சொல்லி, அந்தப் போட்டோவோடு நேற்று வந்தவர் மாஸ்டரின் மனைவி. பேசும்போதெல்லாம் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டே பேசினார். துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று கண்டக்டர் தண்ணீர் கொடுத்தார், அவர் குடிக்கவில்லை.

“மெழுகுவர்த்தி விட்டுப் பார்க்காம அவர் ஒரு தொட்டியிலும் கால் வெச்சதில்லைங்க” என்றார். “சுடர் அணைஞ்சா வாயு இருக்கு. அணையலைன்னா இறங்கலாம். தூக்கத்துல கூட மறக்கமாட்டார்.” போகும்போது இன்னொன்றும் சொன்னார். “கலவை நடக்கிற மாசத்துல ராத்திரி வரைக்கும் பல்லே தேய்க்கமாட்டாங்க. பேஸ்ட் ருசி நாக்கைக் கெடுத்துடும்.”

மேகம் இறங்கி, மதியம் மூன்று மணிக்கே அந்தி மாதிரி இருட்டியிருந்தது. சரிவெங்கும் கம்பிகளில் கட்டிய கொடிகள், அறுவடை முடிந்து சிவந்த இலைகளோடு நின்றன. ஒரு மனிதத் தலை கூடத் தெரியவில்லை.

“ஆளே இல்லாத ஊர்ல இலை மட்டும் நம்மளையே பார்க்குது டீச்சர்.”

“வண்டியைத் திருப்பி நிறுத்துங்க. கிளம்பறப்போ அவசரமா இருக்கலாம்.”

கண்டக்டர் வண்டியைத் திருப்பினார். டீச்சர் விளையாட்டுக்குக்கூட இப்படிச் சொல்கிறவர் இல்லை.

*

முதலாளி வாசலுக்கே வந்து கும்பிட்டார். அறுபது வயது, மொறுமொறுவென்ற வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சிரிப்பு.

“தாராளமா பாருங்க. அந்தம்மா மனசு ஆறணும், எனக்கு அதுதான் வேணும்” என்று கலவை அறைக்கு அழைத்துப் போனார்.

நீள மேஜை. மேலே வெள்ளைத் துணி. சுவரில் மூன்று சிறு பீப்பாய்கள், ஒவ்வொன்றிலும் சாக்கட்டி எழுத்து: மேட்டுக்காடு, பள்ளக்காடு, கல்லுக்காடு. மூலையில் துப்புவதற்கு ஒரு செம்பு வாளி. பக்கத்துச் சட்டத்தில் கழுவிக் கவிழ்த்த கண்ணாடிக் கோப்பைகள் நாற்பது. இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

“அன்னிக்குக் காலைல எட்டு மணியிலேருந்து பதினொண்ணு வரைக்கும் மாஸ்டரும் நானும் இங்கேதான் இருந்தோம்” என்றார் முதலாளி. “நாற்பது கோப்பை ருசி பார்த்தார். போன வருஷத்துப் பீப்பாய் எல்லாத்தையும் கலந்து காலி பண்ணினாத்தான் இந்த வருஷத்து ஒயினுக்கு இடம். கடைசிக் கோப்பையை வெச்சுட்டு, ‘ஏழாம் தொட்டியைப் பார்த்துட்டு வர்றேன்’னு எழுந்து போனார். போனவர் போனவர்தான்.”

“நீங்களும் ருசி பார்ப்பீங்களா?”

“நான் தொடறதே இல்லைம்மா. வயித்துப் புண். தொட்டாலும் எனக்கு எல்லாம் ஒரே புளிப்புதான்.”

“எங்க கண்டக்டர் பார்க்கலாமா?”

கண்டக்டர் நெளிந்தார். “டீச்சர், நான் பால் கூட ஆற வெச்சுக் குடிக்கிறவன்.”

“குடிக்க வேண்டாம். கொப்பளிச்சுத் துப்புங்க.”

ஆறு கோப்பை. முதல் கோப்பை வாயெல்லாம் உரித்தது. மூன்றாவதில் ஈரக் கல்லின் வாசனை வந்தது. ஆறாவதில் தனக்கும் மூக்கு இருப்பதைக் கண்டக்டர் உணர்ந்து, “இதுல பழைய டிக்கெட் பையோட வாசம் வருது” என்று அறிவித்தார். முதலாளி உரக்கச் சிரித்தார். டீச்சர் சிரிக்காமல் கைப்பையிலிருந்து ஒரு சிறு கண்ணாடியை எடுத்து நீட்டினார்.

கண்டக்டர் பார்த்தார். பற்கள் மசி பூசியது போல் கறுத்திருந்தன. உதட்டின் உள்விளிம்பில் ஊதாக் கோடு.

“அடப்பாவமே! வீட்டுக்குப் போனா சம்சாரம் உள்ளே விடமாட்டாளே.”

“ராத்திரி வரைக்கும் போகாதுங்க” என்றார் முதலாளி. “இந்தத் தொழில்ல எல்லாருக்கும் அப்படித்தான்.”

டீச்சர் ஈரக் கோப்பைகளைக் காட்டினார். “இன்னிக்கு யார் ருசி பார்த்தாங்க?”

அரை வினாடி. அவ்வளவுதான். ஆனால் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவன் முகத்தில் வரும் அந்த அரை வினாடியைக் கண்டக்டர் முப்பது வருடம் பார்த்தவர்.

“விருந்தாளிங்க வந்திருந்தாங்க” என்றார் முதலாளி. “வாங்க, தொட்டியைப் பார்க்கலாம்.”

வெளியே வந்து முதலாளி முன்னால் நடந்ததும் டீச்சர் போட்டோவைக் கண்டக்டரின் உள்ளங்கையில் வைத்தார். மாஸ்டரின் வாய் லேசாகத் திறந்திருந்தது. பற்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன.

“ஆறு கோப்பைக்கு உங்க பல் இப்படி. நாற்பது கோப்பைக்கு அவர் பல் அப்படி.”

“அப்போ அன்னிக்கு அவர் ஒரு கோப்பையும் தொடலை.”

“தொடலை. அந்த மூணு மணி நேரமும் பொய்” என்றார் டீச்சர். “பொய் சொல்றவர் நமக்கு முன்னால நடந்து போறார். கொஞ்சம் இடைவெளி விட்டே நடப்போம்.”

*

பள்ளத்துக் கூடம் என்று அதற்குப் பெயர். தரைமட்டத்துக்குக் கீழே ஒன்பது படி இறங்க வேண்டும். ஜன்னல் கிடையாது. இரும்புக் கதவு ஒன்று, உச்சியில் காற்றை இழுத்து வெளியே தள்ளும் ராட்சத மின்விசிறி ஒன்று. இரண்டு வரிசையாக ஆளுயர மரத்தொட்டிகள். ஆறில் இந்த வருடத்துச் சாறு புளித்துக்கொண்டிருந்தது. அடுப்பே இல்லாமல் அவை கொதிக்கும் சத்தம், பலபேர் சேர்ந்து முணுமுணுப்பது போல் இருந்தது. ஏழாவது காலி.

முதலாளி தொலைபேசி வந்தது என்று மேலேயே நின்றுவிட்டார். கீழே மேஸ்திரி இருந்தார். தோள் அகலமான, பேச்சுக் குறைந்த மனிதர். தொட்டிவேலை ஆட்கள் அத்தனை பேருக்கும் அவர்தான் தலை.

“நான்தான் மாஸ்டரை எடுத்தேன்” என்றார். “காலைல முதலாளி எங்க எல்லாரையும் மேட்டுக்காட்டுக்கு அனுப்பிட்டார். பன்னெண்டு மணிக்கு வந்தேன். மேல இருந்து எட்டிப் பார்த்தா மாஸ்டர் கிடக்கிறார்.”

“எப்படி வெளியே எடுத்தீங்க?”

தொட்டியின் அடியில், முழங்கால் உயரத்தில் ஒரு சதுரக் கதவைக் காட்டினார். பிழிந்த தோலை வாரி எடுக்கும் வழி. “இதைத் திறந்து, மண்டி போட்டு, தலையையும் தோளையும் உள்ளே விட்டு இழுத்தேன். சட்டை ஆணியில மாட்டிக்கிச்சு. கழட்ட நேரமாச்சு. அந்த நேரம் பார்த்து இதுங்க வேற கத்திக்கிட்டே இருந்துச்சுங்க. அந்தச் சத்தம் இன்னும் காதுல நிக்குது.”

“எதுங்க?”

ஏழாம் தொட்டிக்குக் கீழே, மரச்சட்டங்களுக்கு நடுவில், சாக்கின்மேல் ஒரு சாம்பல் பூனை படுத்திருந்தது. ஒட்டிக்கொண்டு நான்கு குட்டிகள். கண் திறந்து, உலகத்தைச் சந்தேகத்தோடு பார்த்தன.

“அன்னிக்கும் இங்கேயேதான் இருந்ததா?” டீச்சரின் குரல் சட்டென்று மெல்லியதானது.

கண்டக்டர் குறுக்கிட்டார். “டீச்சர், பூனை குட்டியைத் தூக்கிக்கிட்டு ஏழு வீடு மாறும்பாங்க.”

“இது மாறலைங்க” என்றார் மேஸ்திரி. “சோம்பேறிப் பூனை. நான் முட்டி போட்ட இடத்துலேருந்து ஒரு சாண் தள்ளி. மாஸ்டர் சாகிறதுக்கு முன்தினம்தான் ஈன்றிருந்துச்சு.”

டீச்சர் தரையில் உட்கார்ந்து கையால் காற்றைக் கீழே அழுத்துவது போல் காட்டினார்.

“மேஸ்திரி, இந்த வாயு காத்தைவிடக் கனம். தண்ணி மாதிரி கீழேதான் தேங்கும். கதவைத் திறந்தா தண்ணி மாதிரியே கொட்டும். சரிதானே?”

“ஆமாங்க.”

“ஒரு பெரிய மனுஷனைக் கொல்ற அளவு வாயு தொட்டிக்குள்ள இருந்தது. நீங்க கதவைத் திறந்தீங்க. அது எங்கே கொட்டியிருக்கணும்?”

மேஸ்திரி குட்டிகளைப் பார்த்தார். அன்றைக்கு ஒருநாள் வயதே ஆகியிருந்த நான்கு குட்டிகள்.

“குட்டிங்க மட்டுமில்லை” என்றார் டீச்சர். “தலையை உள்ளே விட்டுச் சட்டையைக் கழட்டினீங்களே, உங்களுக்கு ஒரு கிறுகிறுப்பாவது வந்ததா?”

“இல்லை.” மேஸ்திரியின் முகம் வெளிறியது. “இல்லைங்க... வரவே இல்லை.”

“ஏன்னா அன்னிக்கு அந்தத் தொட்டியில வாயுவே இல்லை. மாஸ்டர் வேற எங்கேயோ செத்தார். மூச்சை அடைச்சது ஏதோ ஒரு கை. அப்புறம் கொண்டாந்து போட்டிருக்காங்க.”

தொட்டிகள் முணுமுணுத்தன. அப்போது மேலே, கதவருகில், ஒரு செருப்புச் சத்தம் நகர்ந்தது.

“மேஸ்திரி!” முதலாளியின் குரல் தேன் மாதிரி இறங்கியது. “மேட்டுக்காட்டுல கம்பி அறுந்து கிடக்காம். போய்ப் பார்த்துட்டு வாங்க.”

மேஸ்திரி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கண்ணால் ‘போங்க’ என்றார். அவர் படியேறிப் போனார். பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. ஒரு இரும்புச் சத்தம். பிறகு மின்விசிறி, களைத்த ஆள் மூச்சு விடுவதுபோல், சுற்றிச் சுற்றி நின்றது.

*

“கரண்ட் போயிடுச்சா?” என்றார் கண்டக்டர்.

“விளக்கு எரியுதே.”

கண்டக்டர் ஒன்பது படியும் ஓடி ஏறிக் கதவைத் தோளால் இடித்தார். கதவுக்கு வலிக்கவில்லை, தோளுக்கு வலித்தது. கைபேசியை எடுத்தார். சிக்னல் கோடு ஒன்றுமில்லை.

கீழே ஒரு காட்சி. சோம்பேறிப் பூனை எழுந்து நின்றது. மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தது. பிறகு ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு படியேறி, கண்டக்டரின் காலடியில் போட்டுவிட்டுத் திரும்ப இறங்கியது.

“டீச்சர்... ஏழு வீடு மாறாத பூனை வீடு மாறுது.”

“இறங்கி வாங்க. குட்டிங்களைத் தூக்கிக்கிட்டு எல்லாரும் மேலே போயிடணும். குனியறப்போ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரே எடுப்புல எடுங்க.”

கண்டக்டர் ஓடி இறங்கி, மூச்சைப் பிடித்து இரண்டு குட்டிகளைச் சட்டைப்பைக்குள் போட்டார். கடைசிக் குட்டியைப் பூனையே கொண்டுவந்தது, நடை தள்ளாடியது. சுவரில் மாஸ்டரின் மெழுகுவர்த்தி ஒரு நீளக் கழியின் நுனியில் கட்டி மாட்டியிருந்தது. டீச்சர் அதைக் கழற்றி, மேல்படியில் நின்று ஏற்றி, கழியைக் கீழே நீட்டினார்.

தரையில் சுடர் சட்டென்று அணைந்தது. ஊதிய மாதிரிகூட இல்லை, யாரோ கிள்ளி எடுத்த மாதிரி.

திரும்ப ஏற்றினார். கீழிருந்து முதல் படியில் அணைந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி. இரண்டாவது படி. கண்ணுக்குத் தெரியாத குளம் ஒன்று நிரம்பி வருவதைக் கண்டக்டர் தன் கண்ணாலேயே பார்த்தார்.

“ஆறு தொட்டி பொங்குது. விசிறி இல்லை” என்றார் டீச்சர். குரல் வகுப்பறைக் குரல்தான். “‘சொல்லச் சொல்லக் கேட்காம உள்ளே போனாங்க, மாஸ்டர் மாதிரியே’ன்னு நாளைக்குச் சொல்வார். எல்லாரும் நம்புவாங்க.”

மூன்றாவது படி.

“டீச்சர், என் சம்சாரத்துக்கு ஒரு வார்த்தை—”

“விசில் இருக்கா?”

“என்னது?”

“உங்க கண்டக்டர் விசில்!”

அது எப்போதும் போல் கழுத்துக் கயிற்றில், சட்டைக்குள், பூனைக்குட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. கண்டக்டர் கதவிடுக்கில் வாயை வைத்து ஊதினார். முப்பது வருடத்தில் அவர் அப்படி ஊதியதில்லை. நிறுத்து, போ, நிறுத்து, போ என்று முறை தப்பி ஊதினார். நாலாவது படியில் சுடர் அணைந்தது. ஐந்தாவது படியில் அணைந்தது. மூச்சுக்குப் பதிலாக நெஞ்சுக்குள் கல் இறங்குவது போலிருந்தது. டீச்சர் கதவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

தாழ்ப்பாள் அலறியது. கதவு திறந்தது. குளிர்காற்று முகத்தில் அறைந்தது.

திறந்தவர் மாஸ்டரின் மனைவி. ஓடிவந்து மூச்சிரைத்து வாயைத் திறந்தபடி நின்றார். கையில் கைக்குட்டை இல்லை. அவர் பற்கள் கண்டக்டரின் பற்களைவிடக் கறுத்திருந்தன.

*

நல்ல காற்று நெஞ்சில் நிறைய இரண்டு நிமிடம் பிடித்தது. வெளிப்படியில் உட்கார்ந்தபடியே டீச்சர் கேட்டார், “இன்னிக்கு நாற்பது கோப்பையும் ருசி பார்த்தது நீங்கதானா?”

அந்தம்மாவின் கை வாயைத் தேடிப் போனது. பாதியில் தானாகவே இறங்கிவிட்டது.

“நாங்க வந்தப்போ எங்கே இருந்தீங்க?”

“கலவை அறைக்குப் பின்னால. ‘சத்தம் காட்டாம இரு’ன்னு முதலாளி பூட்டாத குறையா நிறுத்தியிருந்தார்.” அவர் பெருமூச்சு விட்டார். “ரெண்டு வருஷம் முன்னால அவருக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சல் போச்சு, கூடவே மோப்பமும் போச்சு. புகைக்கும் பூவுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு மாசம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான்தான் சொன்னேன், இருபது வருஷமா உங்க சட்டையைத் துவைக்கிறேன், எந்தக் கறை எந்தக் காடுன்னு எனக்குத் தெரியும்னு. விடியறதுக்குள்ள வந்து நான் ருசி பார்ப்பேன். அளவைச் சொல்வேன். அவர் எழுதுவார். ஆளுங்க வர்ற நேரத்துக்கு ஒரு வாய் கொப்பளிச்சு உதட்டைச் சிவப்பாக்கிக்கிட்டு வெளியே போவார்.”

“முதலாளிக்குத் தெரியும்.”

“எங்க மூணு பேருக்கு மட்டும். ‘என் மூக்கு போனது நம்மோட போகட்டும்’னு கையில அடிச்சு சத்தியம் வாங்கினார். அதனாலதான் உங்ககிட்டகூடச் சொல்லலை.” பள்ளத்துக் கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். “அன்னிக்கு மட்டும் முதலாளி என்னை வரவேண்டாம்னுட்டார்.”

டீச்சர் அவர் தோளில் கை வைத்தார். கண்டக்டரின் சட்டைப்பைக்குள் குட்டிகள் நகர்ந்தன. அவற்றை எடுத்துப் பூனையிடம் விட்டார். விசில் சத்தம் கேட்டு மேஸ்திரி சரிவில் ஓடிவந்துகொண்டிருந்தார்.

“போன் எங்கே இருக்கு?” என்று டீச்சர் எழுந்தார்.

லேபிள் ஒட்டும் அறையில். நான்கு பேரும் உள்ளே நுழைந்தபோது முதலாளி அங்கேதான் இருந்தார். கையில் ஒரு புதுப் பாட்டில், அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். டீச்சரைப் பார்த்ததும் துணி நின்றது. பிறகு சிரிப்பு வந்தது.

“ஐயோ! கதவு காத்துல சாத்திக்கிச்சா?”

“ரொம்பக் கெட்டிக்காரக் காத்துங்க” என்றார் கண்டக்டர். “சாத்தினது மட்டுமில்லை, தாழ்ப்பாளும் போட்டு, விசிறியையும் அணைச்சுட்டுப் போயிருக்கு.”

“என்ன பேசறீங்க? யாராவது பார்த்தீங்களா?”

யாரும் பார்க்கவில்லை. அதுதான் உண்மை. பல்லும் பூனையும் காவல் நிலையத்தில் எவ்வளவு தூரம் நிற்கும் என்று டீச்சர் யோசிப்பது கண்டக்டருக்குத் தெரிந்தது. டீச்சர் போனை எடுத்து எண்களைச் சுழற்றினார். முதலாளி தடுக்கவில்லை. பேசட்டுமே என்று பாட்டிலைத் திரும்பத் துடைத்தார்.

கண்டக்டரின் கண் மேஜைமேல் போனது. லேபிள் சுருள்கள். கறுப்புக் கரை, நடுவில் அந்த மூக்கு, கீழே தங்க எழுத்தில் ‘மூக்கு மாஸ்டர் நினைவுக் கலவை’. மூன்று வாரத்தில் அச்சடித்து ஒட்டவும் ஆரம்பித்துவிட்டார்களே என்று நினைத்தார். பழக்கதோஷம், சுருளின் நுனியைப் பிரித்து ஓரத்தைப் பார்த்தார். டிக்கெட் சுருளும் இதுவும் ஒரே சாதி. அச்சகத்துக்காரன் ஓரத்தில் பொடி எழுத்தில் கட்டு எண்ணும், அடித்த தேதியும் போட்டே தீருவான். தினமும் வண்டி எடுக்கும் முன் அதைச் சரிபார்ப்பது கண்டக்டரின் முதல் வேலை.

அவர் தேதியைப் படித்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் படித்தார்.

“மேஸ்திரி, மாஸ்டர் இறந்தது எத்தனாம் தேதி?”

“பதினாலு.”

“இந்த நினைவு லேபிள் அடிச்சது பன்னெண்டு.”

டீச்சர் போனில் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை நிறுத்தினார். பிறகு நிதானமாக, “ஆமா சார், உடனே வாங்க. அத்தாட்சி அச்சிலேயே இருக்கு” என்று வைத்தார்.

“உயிரோட இருக்கிறவருக்கு நினைவு லேபிள்” என்றார் கண்டக்டர். அவர் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. “ரெண்டு நாள் முன்னாடியே ரிசர்வேஷன் பண்ணியிருக்கீங்க.”

முதலாளி கதவைப் பார்த்தார். மேஸ்திரி அதில் நிறைந்து நின்றார். முதலாளி பாட்டிலை மெதுவாக வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பேசியபோது குரலில் கோபம்கூட இல்லை.

“அவன்தான் கெடுத்தான். வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா எல்லாம் நடந்திருக்கும். வந்து நிக்கிறான், ‘லேபிள்ல என் முகத்தை எடுங்க, என் வீட்டுக்காரி முகத்தைப் போடுங்க. அடுத்த வாரம் வர்ற விருந்தாளிங்க முன்னால நானே சொல்லப்போறேன்’னு. இருபத்தாறு வருஷம் நான் வளர்த்த மூக்கு அது.”

மாஸ்டரின் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“சொன்னாரா?” என்றார். “அவரே சொன்னாரா?”

எந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற அவர் மூன்று வாரம் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தாரோ, அதை உடைக்கப் போய்த்தான் அந்த மனிதர் செத்திருந்தார். அந்தம்மா அழுவார் என்று கண்டக்டர் எதிர்பார்த்தார். அவர் அழவில்லை. நிமிர்ந்து நின்றார்.

“நான் உள்ளே போறேன்” என்றார் முதலாளி. “ஆனா இந்தக் கலவை நிக்கும். அறுநூறு பீப்பாய். உன் புருஷன் பேர் நூறு வருஷம் நிக்கும். அது நான் கொடுத்தது.”

“நிக்காது” என்றார் அந்தம்மா.

“என்ன?”

“அவர் செத்தன்னிக்கே எனக்கு உங்கமேல சந்தேகம். ‘நீ வந்து கலவையை முடிக்கலைன்னா உன் புருஷன் மூக்கில்லாதவன்னு ஊருக்கே சொல்வேன்’னு மிரட்டினீங்களே, அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். மூணு வாரமா நான் சொன்ன அளவு எல்லாமே தப்பு. கல்லுக்காட்டுக் கசப்பையும், மேட்டுக்காட்டுப் புளிப்பையும் ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்கிற மாதிரி சேர்க்கச் சொன்னேன். நீங்க மேஸ்திரியை விட்டு அப்படியே கலந்தீங்க. அறுநூறு பீப்பாயும்.”

மேஸ்திரி வாயைப் பிளந்தார். தூரத்தில், மலைப்பாதையின் கீழ் வளைவில், ஜீப் ஒன்று கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

“பொய்” என்றார் முதலாளி.

அந்தம்மா மேஜைமேல் இருந்த பாட்டிலைப் பார்த்தார்.

“பொய்தானே? சொல்லு!”

முதலாளி பாட்டிலின் அடைப்பானைப் பிடுங்கி, மேஜைமேல் இருந்த கோப்பையில் பாதி சிந்தப் பாதி ஊற்றினார். ஒரு வாய் குடித்தார். நாக்கில் புரட்டினார். இன்னொரு வாய். உதட்டோரம் சிவப்பாக வழிந்து வெள்ளைச் சட்டையில் இறங்கியது. அவர் அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தார், மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தார், கடைசியில் கெஞ்சுவது போல் கண்டக்டரின் முகத்தைக்கூடப் பார்த்தார்.

ஜீப் முற்றத்தில் வந்து நின்றது. முதலாளி மூன்றாவது வாயைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக் காத்திருந்தார். எல்லாம் ஒரே புளிப்பு. அவர் நாக்கு அவருக்கு எதையும் சொல்லவில்லை.